2012 டெஸ்க்டாப்புக்கு எஸ்எஸ்டி போதுமா, புதுசு வாங்க வேண்டுமா?

கேள்வியின் சுருக்கம் இது. 2012இல் அசெம்பிள் செய்து வாங்கிய சிஸ்டம். கோர் ஐ3-2120 பிராசஸர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. டிடிபி, ஜெராக்ஸ் கடையில் ஓடுகிறது. காலையில் ஆன் செய்தால் வேலை பார்க்கும் நிலைக்கு வர ஆறேழு நிமிடம். பேஜ்மேக்கர் திறப்பதற்குள் வாடிக்கையாளர் பொறுமை இழக்கிறார். சர்வீஸ்காரர் “இது இனிமேல் தேறாது, புதுசு வாங்கிடுங்க” என்கிறார். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி போட்டால் சரியாகுமா? சரியாகும் என்றால் எதை வாங்குவது, எப்படி மாற்றுவது?

போடுங்கள், சரியாகும். பதினைந்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். பழைய சிஸ்டத்தில் செய்கிற வேறு எந்த மாற்றமும் இந்த அளவுக்குப் பலன் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் எஸ்எஸ்டியை வாங்கி மாட்டுவது இதில் சின்ன வேலை. பன்னிரண்டு வருடத்துக்கு மேலாக அந்த ஹார்ட் டிஸ்க்கில் சேர்ந்திருக்கும் கடையின் பிழைப்பைச் சேதமில்லாமல் இந்தப் பக்கம் கொண்டுவருவதுதான் பெரிய வேலை. அதனால்தான் பதில் நீளம்.

முதலில் எது இழுக்கிறது என்று நீங்களே பார்த்துவிடுங்கள். நாளைக் காலை ஆன் செய்து டெஸ்க்டாப் வந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். சிபியு அநேகமாக 15, 20 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கும். அதற்குக் கீழே படிக்கும் வேகம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். விநாடிக்கு 1 எம்பி, 2 எம்பி. நூறு எம்பிக்கு மேல் படிக்கத் தெரிந்த டிஸ்க், மூச்சு முட்ட உழைத்தும் 1 எம்பிதான் கொடுக்கிறது.

அது பழுதாகியிருக்க வேண்டியதில்லை. ஹார்ட் டிஸ்க் வேலை செய்யும் விதமே அப்படி. உள்ளே தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. விநாடிக்கு 120 சுற்று, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி. நமக்கு வேண்டிய இடம் ஹெட்டுக்கு நேராக வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அது 4 மில்லிவிநாடி. அதற்கு முன்னால் ஹெட்டைத் தாங்கும் கை சரியான தடத்துக்கு நகர 8, 9 மில்லிவிநாடி. ஆக ஒரு தடவை இடம் மாறிப் படிக்க 12, 13 மில்லிவிநாடி போய்விடுகிறது. விநாடிக்கு ஏறக்குறைய 80 தடவைதான் முடியும். தடவைக்கு 4 கேபி என்று வைத்தால் 320 கேபி. பெரிய வீடியோவை வரிசையாகப் படிக்கும்போது கை நகர வேண்டியதில்லை, அதனால் நூறு எம்பி வருகிறது. விண்டோஸ் எழும்போது நடப்பது வேறு. டிஸ்க் முழுக்க மூலைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளைத் தேடிப் பொறுக்க வேண்டும். கேபினெட்டில் காதை வைத்துக் கேளுங்கள், கரகரவென்று ஒரு சத்தம் வரும். அந்தக் கை அங்கும் இங்கும் ஓடுகிற சத்தம்தான் அது. உங்கள் ஆறு நிமிடத்தில் பெரும்பகுதி அந்த ஓட்டத்திலேயே கழிகிறது.

டிடிபி கடைக்கு இன்னொரு பாரமும் உண்டு. உங்கள் ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து எண்ணிப் பாருங்கள். பாமினி, வானவில் அவ்வையார், கல்யாணப் பத்திரிகைக்கென்று வாங்கிய அலங்கார எழுத்துருக்கள், யாரோ பெண்டிரைவில் கொண்டுவந்து கொட்டியது என்று ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். எல்லாமே சின்னச் சின்னக் கோப்புகள். பேஜ்மேக்கர் திறக்கும்போது அத்தனையையும் எட்டிப் பார்த்துப் பட்டியல் போட வேண்டியிருக்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்கு இதைவிடக் கொடுமையான வேலை கிடையாது.

எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, கையும் இல்லை. எந்த மூலையில் இருக்கும் துண்டானாலும் 0.1 மில்லிவிநாடி அளவில் கையில் கிடைக்கும். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆறேழு நிமிடம் ஆகிற சிஸ்டம் அரை நிமிடத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுவது இதனால்தான்.

இந்த இடத்தில் சிலர் உங்களைக் குழப்புவார்கள். “எச்61 போர்டில் சாட்டா 3 கிடையாது, எஸ்எஸ்டி போட்டும் வீண்” என்பார்கள். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் வழிதான் சாட்டா, அதில் 3 என்பது 6 ஜிகாபிட் வேகம். முதல் பாதி உண்மை. எச்61 சிப்செட்டில் எல்லா போர்ட்டும் 3 ஜிகாபிட்தான். எஸ்எஸ்டி பெட்டியில் 550 எம்பி என்று போட்டிருந்தால் உங்கள் போர்டில் 260, 280தான் வரும். ஆனால் சிறு துண்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டால் சாட்டா எஸ்எஸ்டிகளே விநாடிக்கு 20 முதல் 40 எம்பி வரைதான் கொடுக்கின்றன. 280 எம்பி போகக்கூடிய குழாயில் 40 எம்பி போகிறது, அவ்வளவுதான். நீங்கள் வேண்டுவது காத்திருப்பு ஒழிய வேண்டும் என்பது. அது பழைய போர்ட்டிலும் அப்படியே ஒழியும். 10 ஜிபி கோப்பை நகலெடுக்கும்போது மட்டும்தான் அந்தப் பாதி வேகம் தெரியும். இதற்கென்று தனி சாட்டா கார்டு வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

இதே காரணத்தால் விலை உயர்ந்த எஸ்எஸ்டியும் உங்களுக்குத் தேவையில்லை. 2.5 அங்குல சாட்டா என்று கேட்டு வாங்குங்கள். எம்.2 என்விஎம்இ வகை பார்க்க அழகாக இருக்கும், விலையும் அதை ஒட்டியே இருக்கும். ஆனால் உங்கள் போர்டில் அதற்கு இடம் இல்லை. கார்டு போட்டு மாட்டினாலும் அந்தக் காலத்து பயாஸ் (விண்டோஸ் எழுவதற்கு முன் மதர்போர்டில் ஓடும் மென்பொருள்) அதிலிருந்து பூட் ஆகாது. 120 ஜிபி வேண்டாம், விண்டோஸ் அப்டேட்டிலேயே மூச்சுத் திணறும். 240 அல்லது 250 ஜிபி போதும், கையில் காசிருந்தால் 500. கிங்ஸ்டன் ஏ400, குரூஷியல் பிஎக்ஸ்500 மாதிரியானவற்றில் தனி டிராம் சிப் (எஸ்எஸ்டியின் தற்காலிக நினைவகம்) இருக்காது. சாம்சங் 870 ஈவோவில் இருக்கும். தொடர்ந்து நிறைய எழுதும்போதுதான் அந்த வித்தியாசம் தெரியும். கடை வேலைக்கு முதல் வகையே போதும் என்பது என் அனுபவம். முழுசாக நிரப்பாமல் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக விட்டு வைத்தால் சரி.

ஆயுளைப் பற்றியும் பயப்படுகிறார்கள். ஏ400இன் 240 ஜிபி மாடலுக்கு 80 டெராபைட் எழுதும் வரை தாங்கும் என்று கணக்குச் சொல்கிறது கிங்ஸ்டன். தினமும் 20 ஜிபி எழுதினாலும் 4,000 நாள், கிட்டத்தட்ட பதினோரு வருடம். ஜெராக்ஸ் கடையில் அத்தனை எழுதுவதே கஷ்டம்.

மாட்டுவது சுலபம். எஸ்எஸ்டியில் ஆடுகிற பாகம் எதுவும் இல்லாததால் பிராக்கெட் கிடைக்காவிட்டால் இரண்டு ஸ்க்ரூவிலோ நல்ல இருபக்க டேப்பிலோ நிறுத்தினாலும் பாதகமில்லை. டேட்டா கேபிள் தனியாக வராது, கடையிலேயே ஒன்று கேட்டு வாங்கிவிடுங்கள். மறந்துவிட்டால் டிவிடி டிரைவின் கேபிளைக் கழற்றிப் போடலாம், இப்போது அதை யார் பயன்படுத்துகிறார்கள்? எஸ்எம்பிஎஸ்ஸில் (கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை) சாட்டா பவர் முனை மிச்சமில்லை என்றால் பழைய நாலு பின் முனையிலிருந்து மாற்றும் கனெக்டர் கொடுப்பார்கள். அதில் மட்டும் கவனம். கம்பிகளை பிளாஸ்டிக்கோடு சேர்த்து வார்த்த மலிவு வகையில் ஷார்ட் ஆகித் தீப்பிடித்த கதைகள் நிறைய. கம்பி தனித்தனியாகச் செருகிய வகையாக வாங்குங்கள். கேபினெட்டைத் திறந்த கையோடு பிராசஸர் ஃபேனின் தூசியையும் தட்டிவிடுங்கள்.

இனி முக்கியமான கட்டம். எதையும் தொடுவதற்கு முன்னால் பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அதில் 05 என்ற வரியும் சி5 என்ற வரியும் சுழியமாக இருந்தால் நிம்மதி. சி5இல் ஏதாவது எண் இருந்தால் சில இடங்களை டிஸ்க்கால் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் குளோன் செய்ய, அதாவது டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுக்க, உட்காராதீர்கள். வாடிக்கையாளர் ஃபைல்கள், கணக்கு, ஃபான்ட்ஸ் ஃபோல்டர் மூன்றையும் முதலில் வெளியே இருக்கும் வேறு டிஸ்க்கில் நகலெடுங்கள். நோயாளி டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓடவிட்டால் பாதியிலேயே போய்விடும்.

டிஸ்க் நன்றாக இருந்தால் குளோனா, புதிதாக ஓஎஸ் போடுவதா? பொதுவாக நான் புதிதாகப் போடவே சொல்வேன், பல வருடக் குப்பை ஒழியும். உங்களுக்கு மட்டும் குளோன் செய்யச் சொல்கிறேன். டிடிபி கடை சிஸ்டத்தில் கண்ணுக்குத் தெரியாத விஷயங்கள் நிறைய இருக்கும். பேஜ்மேக்கர் செட்டிங், தமிழ் தட்டச்சு மென்பொருள், பிரிண்டருக்குப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த அளவுகள், சிடி தொலைந்துபோன ஏதோ ஒரு டிரைவர். இவற்றைத் திரும்பத் தேடி எடுக்க ஒரு வாரம் ஆகும். அந்த வாரம் முழுக்கக் கடை நிற்கும்.

உங்கள் டிஸ்க் 500 ஜிபி, எஸ்எஸ்டி 240 ஜிபி. குளோன்சில்லா போன்ற கருவிகள் பெரியதிலிருந்து சிறியதற்கு மாற்ற மறுக்கும். எஸ்எஸ்டி நிறுவனங்கள் தங்கள் தளத்திலேயே குளோன் மென்பொருள் கொடுக்கின்றன, அது சுலபம். சி டிரைவை மட்டும் எடுத்தால் போதாது. டிஸ்க் மேனேஜ்மென்டில் பார்த்தால் அதற்கு முன்னால் ‘சிஸ்டம் ரிசர்வ்ட்’ என்று ஒரு குட்டிப் பகுதி இருக்கும். பூட் ஆவதற்கான சரக்கு அதில்தான் இருக்கிறது, அதையும் சேர்த்து எடுங்கள். டி டிரைவ் பழைய டிஸ்க்கிலேயே இருக்கட்டும்.

2012 சிஸ்டம் என்பதால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். அப்போது பல கடைகளில் எக்ஸ்பி போட்டுத்தான் கொடுத்தார்கள். எக்ஸ்பி உருவாக்கிய பகுதி டிஸ்க்கின் 63ஆவது செக்டாரில் தொடங்கும். அது எஸ்எஸ்டியின் 4 கேபி கட்டங்களோடு பொருந்தாது, வேகமும் ஆயுளும் குறையும். ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்று அடித்து, டிஸ்க்ஸ் பகுதியில் ‘பார்ட்டிஷன் ஸ்டார்ட்டிங் ஆஃப்செட்’ பாருங்கள். முதல் பகுதிக்கு 10,48,576 இருந்தால் சரி. 32,256 இருந்தால் அது எக்ஸ்பியின் மிச்சம். குளோன் மென்பொருளில் அலைன்மென்ட் சரிசெய்யும் வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அப்புறம் தொடங்குங்கள்.

பயாஸில் சாட்டா மோட் (டிஸ்க்கோடு பேசும் முறை) பழைய ஐடிஇ என்று இருந்தால் அதை ஏஎச்சிஐ ஆக்குவது நல்லது. எஸ்எஸ்டியிடம் ஒரே நேரத்தில் பல துண்டுகளைக் கேட்க அதுதான் வழி. நேராக மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடலாம். எம்எஸ்கான்ஃபிக் திறந்து பூட் பக்கத்தில் ‘சேஃப் பூட்’டை டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள், அந்த வழியிலேயே பயாஸுக்குள் போய் மாற்றுங்கள், சேஃப் மோடில் எழுந்ததும் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். குளோனுக்கு முன்பே, பழைய டிஸ்க்கில் இருக்கும்போதே இதைச் செய்துவிட்டால் ஏதாவது தவறினாலும் எதனால் என்று தெரியும்.

அதற்கும் முன்னால் ஒரு சில்லறைச் செலவு இருக்கிறது: மதர்போர்டில் வட்டமாக இருக்கும் சிஆர்2032 பேட்டரி. ஒரு அச்சகத்தில் எஸ்எஸ்டி போட்டு, ஏஎச்சிஐ மாற்றி, எல்லாம் பிரமாதமாக ஓடுகிறது என்று சாயங்காலம் விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலை போன் வந்தது. “அண்ணே, நீலக் கலர்ல வந்து நிக்குது.” போய்ப் பார்த்தால் திரையில் ‘இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்’. அரை மணி நேரம் எஸ்எஸ்டியையும் கேபிளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பயாஸுக்குள் போனபோதுதான் ஓரத்தில் தேதி கண்ணில் பட்டது: 2011, ஜனவரி 1. பேட்டரி செத்திருந்தது. ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். கரன்ட் சுத்தமாகப் போனதும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து பழையபடி ஐடிஇக்குத் திரும்பிவிட்டது. பகலில் மெயின் ஆனில் இருக்கும்வரை போர்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கொஞ்சம் கரன்ட் வந்துகொண்டே இருக்கும், அதனால் பேட்டரி செத்தது வெளியே தெரியாது. நீங்களும் கடையைப் பூட்டும்போது மெயினை அணைப்பவராகத்தான் இருப்பீர்கள். பேட்டரியை முதலில் மாற்றுங்கள்.

குளோன் முடிந்ததும் சிஸ்டத்தை அணைத்து, பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியை மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். இதைத் தவறவிடாதீர்கள். இரண்டும் ஒரே அடையாளத்தோடு இருப்பதால் விண்டோஸ் குழம்பும். எஸ்எஸ்டியில் தனியாக ஒருமுறை எழுந்த பிறகு பழையதை மாட்டினால் டி டிரைவ் காணாமல் போயிருக்கலாம். பதற வேண்டாம். டிஸ்க் மேனேஜ்மென்டில் அது ‘ஆஃப்லைன்’ என்று நிற்கும். வலது கிளிக் செய்து ‘ஆன்லைன்’ கொடுத்தால் வந்துவிடும். எழுத்து மாறி ஈ, எஃப் என்று வந்தால் திரும்ப டி ஆக்கிவிடுங்கள், இல்லையென்றால் பழைய ஷார்ட்கட்டும் பேஜ்மேக்கரில் இணைத்த படங்களும் வழி தெரியாமல் நிற்கும். பயாஸில் பூட் வரிசையில் எஸ்எஸ்டியை முதலில் வையுங்கள்.

ஒருவேளை புதிதாகவே ஓஎஸ் போடுவது என்று முடிவெடுத்தால் அப்போதும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும். இரண்டும் மாட்டியிருந்தால் விண்டோஸ் எஸ்எஸ்டியில் உட்கார்ந்துகொண்டு பூட் பகுதியை மட்டும் பழைய டிஸ்க்கில் வைத்துவிடக்கூடும். எல்லாம் சரியாக ஓடுவதாகத்தான் தோன்றும். பழைய டிஸ்க் செத்த அன்றைக்கு எஸ்எஸ்டியும் எழாது. டேலி இருந்தால் ஃபார்மட்டுக்கு முன் லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டு, டேட்டா ஃபோல்டரையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

ராம் 4 ஜிபி போதாது. பிரவுசரில் நாலு டேப், ஒரு பிடிஎஃப், பேஜ்மேக்கர் சேர்ந்தால் நிரம்பிவிடும், அப்புறம் மிச்சத்தை டிஸ்க்கில்தான் வைக்கும். எஸ்எஸ்டி வந்தபின் அது முன்னைப்போல் வலிக்காது, இருந்தாலும் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 போட்டு 8 ஆக்குங்கள். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் பழையது நல்ல நிலையில் கிடைக்கும். ‘ஏஎம்டி போர்டுக்கு மட்டும்’ என்று விற்பதை எடுக்காதீர்கள், இன்டெல் போர்டில் வேலை செய்யாது. உங்கள் விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை, அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டியால் மாறாதவையும் இருக்கின்றன. போட்டோஷாப்பில் பெரிய ஃபிளெக்ஸ் டிசைனுக்கு ஃபில்டர் போட்டால் அதே நேரம்தான் ஆகும், அது பிராசஸர் வேலை. அரசுத் தளம் சுற்றிக்கொண்டே இருந்தால் அது சர்வர். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவை நிறுத்திவிட்டது. பதிவு செய்தவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. விண்டோஸ் 11 உங்கள் பிராசஸரை ஏற்காது. கட்டாயப்படுத்திப் போடும் வழிகள் இருக்கின்றன, பிழைப்பு நடக்கும் சிஸ்டத்தில் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனமில்லை. இதை டிடிபிக்கும் பிரிண்டுக்கும் வைத்துக்கொண்டு, வங்கி வேலையை போனிலோ வேறு சிஸ்டத்திலோ பார்ப்பது நல்லது. நாளைக்குப் புதிய சிஸ்டமே வாங்கினாலும் இந்த எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம், போட்ட காசு போகாது.

பழைய டிஸ்க்கில் இருக்கும் பழைய சி பகுதியை ஒரு மாதத்துக்கு அழிக்க வேண்டாம். எஸ்எஸ்டி போவதென்றால் சத்தமில்லாமல் ஒரே நாளில் போகும். ஹார்ட் டிஸ்க் மாதிரி டிக் டிக் என்று முன்கூட்டிச் சொல்லாது. ஒரு மாதம் எல்லாம் நன்றாக ஓடி, சி5 வரியும் சுழியமாகவே இருந்தால் அந்தப் பகுதியை ஃபார்மட் அடித்து, அன்றன்றைய வேலையைச் சாயங்காலம் கடை பூட்டுமுன் நகலெடுத்து வைக்கும் இடமாக்கிக்கொள்ளுங்கள்.